சைடு ஸ்டாண்டு போடும் சத்தம்

2013ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் தொடங்கியிருந்த வாரத்தில், கிண்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து சாலிகிராமத்தில் இருந்த வீட்டுக்கு இருசக்கர வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். நூறடிச் சாலையின் நடுவில் அப்போது மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. இரும்புத் தகடுகளால் அடைத்து, அவற்றின் அடியில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்திருந்ததால், மூன்று வண்டிகள் சேர்ந்து போன இடத்தில் ஒரு வண்டிதான் போக முடிந்தது. அசோக் பில்லரைத் தாண்டி வடபழனி சிக்னலை நோக்கி ஊர்ந்த அந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குட்டி யானை வேன், பின்னால் ஒரு தண்ணீர் வண்டி. மணி ஆறே கால் இருக்கும். வெயில் இறங்கியும் தார்ச் சாலையிலிருந்து சூடு முகத்தில் அடித்தது.

குட்டி யானைக்கும் தடுப்புக்கும் இடையில் இருந்த இடைவெளியில் ஒரு இளைஞர் பைக்கை நுழைத்தார். வேன் சற்றே வலப்பக்கம் ஒதுங்கியபோது பைக்கின் கண்ணாடி உரசி, உடைந்து தொங்கியது. நடந்தது அவ்வளவுதான், யார்மீதும் கீறல்கூட விழவில்லை. ஆனால் அந்த இளைஞர் வேனை முந்திச் சென்று குறுக்கே நிறுத்தினார். அடுத்த நொடி சைடு ஸ்டாண்டு போடும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை இரைச்சலிலும் அது எப்படிக் கேட்டது என்று பிற்பாடு நீதிமன்றத்தில் கேட்டார்கள். கேட்டது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர் வந்தார். வேன் ஓட்டுநரும் கதவைத் திறந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. "கண்ணு தெரியலையா?" என்று தொடங்கிய பேச்சு மூன்றாவது வாக்கியத்தில் தாயைப் பற்றியதாக மாறியது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தோம். நானும் கட்டை விரலை எடுக்காமல் அடித்தேன், "ஓரமாப் போய்ச் சண்டை போடுங்கய்யா" என்று கத்தவும் செய்தேன். இளைஞர் அவருடைய மார்பில் கை வைத்துத் தள்ளினார். ரப்பர் செருப்பு வழுக்கி, பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்து, காதுக்கு மேலே கான்கிரீட் கட்டையின் விளிம்பில் இடித்து விழுந்தார்.

ஆனால் அவர் எழுந்துவிட்டார். தள்ளியவரே திகைத்துப்போய்க் கை கொடுத்தார். நான் வண்டியை நிறுத்தி என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தார், முகம் கழுவினார், "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல" என்றார். இரத்தம் இல்லை, கொஞ்சம் வீக்கம் மட்டும். வேனை ஓரங்கட்ட உதவினேன். அருகே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், என்னை அடிக்கடி பார்த்துப் பழகியவர், ஒரு இளநீர் சீவிக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து, "அண்ணே, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க, சரியாயிடும்" என்று சொல்லி நான் கிளம்பினேன். அவரும் வேனை ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து இளநீர்க்கடைக்காரர் காட்டிய அடையாளத்தை வைத்துக் காவல்துறையினர் என்னைத் தேடி வந்தபோதுதான், அவர் அன்றிரவே இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வழக்கில் நான் கண்ணால் கண்ட சாட்சி. விசாரணைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கு நான்கு முறை போய், மூன்று முறை வாய்தா என்று திரும்பி, நான்காவது முறை கூண்டில் ஏறினேன். முதலில் கொலை வழக்காகப் பதிவானது, குற்றப்பத்திரிகையில் இந்திய தண்டனைச் சட்டம் 304ஆம் பிரிவின் இரண்டாம் பாகமாக மாறியிருந்தது. கொல்லும் நோக்கம் இல்லை, ஆனால் தான் செய்வது மரணத்தில் முடியக்கூடும் என்ற அறிவு இருந்தது என்பது அதன் சாரம். பத்து ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 105ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த இளைஞருக்கு ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

'ஒரு தள்ளுதானே, ஒரு அறைதானே' என்று நினைப்பவர்களுக்கு ஊரறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் வண்டிக்கு வழி விடுவது தொடர்பாக எழுந்த தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். தாக்கியவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டித்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயிரம் ரூபாய் அபராதமாகக் குறைத்தது, கடைசியில் சீராய்வு மனுவில் 2022 மே மாதம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடற்பயிற்சி பெற்ற ஒருவரின் வெறுங்கையே ஆயுதமாகிவிடக்கூடும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சாலையில் சில நிமிடங்களில் நடந்து முடிந்த ஒன்று இரு குடும்பங்களையும் 33 ஆண்டுகள் விடவில்லை.

சாட்சி சொல்லி முடித்த பிறகு என்னால் பழையபடி வண்டி ஓட்ட முடியவில்லை. உளவியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவற்றையும், வாசித்துப் பொருள் சொன்னவற்றையும் வைத்துத்தான் அன்று நூறடிச் சாலையில் நான் பார்த்தது என்ன என்பதை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன்.

போக வேண்டிய இடத்துக்குப் போக விடாமல் தடுக்கப்படும் மனிதனிடம் தாக்கும் உந்துதல் எழுகிறது என்று 1939இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாலர்டும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். ஏமாற்றம் எல்லாம் தாக்குதலாக மாறுவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும், கத்திப்பாரா இறக்கத்திலோ வேளச்சேரி விஜயநகரிலோ மாலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அவர்கள் சொன்னதன் அடிப்படையை மறுக்க முடியாது. சாலையே தடைகளால் ஆனது. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள், நாம் கேட்காத நேரத்தில், நம் வழியில் நிற்கிறார்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 1986இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் டக்ளஸ் கென்ரிக்கும் ஸ்டீவன் மெக்ஃபார்லேனும் செய்த ஆய்வு ஒன்றில், பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகராமல் நிற்கும் ஒரு காரை ஏற்பாடு செய்து, பின்னால் இருப்பவர்கள் எப்படி ஹாரன் அடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வெப்பம் ஏற ஏற ஹாரனும் ஏறியது; கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியவர்களிடம், அதாவது குளிர்சாதனம் இல்லாதவர்களிடம், அது இன்னும் அதிகமாக இருந்தது. சென்னையில் கத்திரி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துபோகும் இருசக்கர வாகன ஓட்டிகளும், முன் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநர்களும் இதைப் படிக்காமலே அறிவார்கள்.

அடுத்தவர் செய்வதை நாம் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது மூன்றாவது. நான் சிக்னலைத் தாண்டினால் 'அவசரம், பிள்ளையைப் பள்ளியில் கூப்பிடணும்' என்பேன். அவர் தாண்டினால் 'திமிர் பிடித்தவன்' என்பேன். என் செயலுக்குச் சூழ்நிலை காரணம், அவர் செயலுக்கு அவர் குணமே காரணம். 1977இல் உளவியலாளர் லீ ராஸ் இதற்கு 'அடிப்படைக் காரணம் கற்பித்தல் பிழை' என்ற பொருளில் பெயர் வைத்தார். வண்டிக்குள் இருக்கும்போது இந்தப் பிழை மிகப் பெரிதாகிறது, ஏனென்றால் அங்கே எதிரில் முகம் இல்லை. ஒரு பதிவு எண், ஒரு பின்பக்கக் கண்ணாடி, ஒரு ஹெல்மெட் மட்டுமே தெரிகிறது. மளிகைக்கடையில் நம்மை முட்டிவிட்டவர் 'சாரிங்க' என்று சொன்னால் அங்கேயே முடிந்துபோகும் விஷயம், சாலையில் அந்தச் 'சாரி' காதில் விழாததாலேயே அவமானமாக வளர்கிறது.

வண்டியை நாம் உடம்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறோம் என்பதை நான் முன்பு யோசித்ததே இல்லை. 'என்னை இடிச்சுட்டான்' என்றுதான் சொல்கிறோம், 'என் வண்டியை' என்று சொல்வதில்லை. 2008இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்லெம்கோவும் மற்றவர்களும் செய்த ஆய்வு, வண்டியில் ஸ்டிக்கர்களும் அலங்காரங்களும் அதிகமாக ஒட்டியவர்கள் ஆத்திரமாக ஓட்டும் வாய்ப்பும் அதிகம் என்று கண்டது. அந்த ஸ்டிக்கரில் அன்பைப் பற்றி எழுதியிருந்தாலும் சண்டையைப் பற்றி எழுதியிருந்தாலும் வித்தியாசம் இல்லை. வண்டியைத் தன் ஆட்சிப் பகுதியாக அடையாளமிடுபவர், பொதுச் சாலையையும் அப்படியே காக்கப் புறப்படுகிறார். நம் ஊரில் தலைவர் படமும் சாதிப் பெயரும் தொழிற்பெயரும் பின்கண்ணாடியை நிறைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. வண்டிகளில் காவல், பத்திரிகை, வழக்கறிஞர் என்றெல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு எதிராக 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுப்பதாகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்ததை நான் மனதார வரவேற்றேன். போலி அடையாளத்தைத் தடுப்பது அவர்கள் நோக்கம், ஆனால் அந்த ஸ்டிக்கர் ஓட்டுபவரின் தலைக்குள் செய்யும் வேலையும் சிறியதல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது, கோபத்துக்குக் கண் உண்டு என்பதுதான். 1968இல் கலிஃபோர்னியாவில் அந்தோனி டூபும் ஆலன் கிராஸும் இதே போலப் பச்சை விளக்கில் கார்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு முறை விலையுயர்ந்த புதிய கார், ஒரு முறை துருப்பிடித்த பழைய கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களே அதிகமாக, விரைவாக ஹாரன் அடித்தார்கள். 'கோபத்தில் கண் மண் தெரியவில்லை' என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில்லை. காவல்துறை ஜீப் உரசினால் யாரும் குறுக்கே நிறுத்தி இறங்குவதில்லை. தண்ணீர் லாரி மடக்கினால் முணுமுணுத்துவிட்டு ஒதுங்குகிறோம். இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிப்பது ஷேர் ஆட்டோக்காரரை, உணவு கொண்டுபோகும் பையனை, 'எல்' பலகை மாட்டிய பெண்ணை, ரப்பர் செருப்பு அணிந்த குட்டி யானை ஓட்டுநரை. ஆளைப் பார்த்து அடங்கும் கோபத்தை ஆளைப் பார்க்காமலும் அடக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த இளைஞரை விடுதலைக்குப் பின் 2021இல் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு நின்றார். தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் என்ற பகை அவர் முகத்தில் இல்லை. அருகே இருந்த கடையில் தேநீர் வாங்கி நின்றுகொண்டே பேசினோம். இப்போது வண்டி ஓட்டுவதில்லை, ரயிலில்தான் வேலைக்கு வருகிறேன் என்றார். அன்றைய நாளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"ரெண்டு மாசமா சம்பளம் வரல சார். வண்டிக்கு டியூ கட்டலைன்னு மத்தியானம் ஃபைனான்ஸ்காரன் போன்ல கண்டபடி பேசினான். சாயங்காலம் மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினாரு. காலையில சாப்பிட்டது. ஃபைனான்ஸ்காரன்கிட்டப் பேச முடியல, மேனேஜர்கிட்டப் பேச முடியல. இவர்கிட்டப் பேச முடிஞ்சுது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கண்ணாடி நூத்தி எண்பது ரூபா சார்" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், சாலையில் கொலை நடக்கும் கணம் எது என்பது எனக்குத் தெளிவானது. உரசும் கணம் அதுவல்ல. கெட்ட வார்த்தை பேசும் கணம்கூட அல்ல. வண்டிக்குள் இருந்தபடி எவ்வளவு பேசினாலும் பெரும்பாலும் சிக்னல் பச்சையாகி ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். ஸ்டாண்டைத் தட்டிவிடும், கதவைத் திறக்கும் அந்தக் கணத்தில்தான் போக்குவரத்துத் தகராறு இரண்டு உடல்களுக்கு இடையிலான விவகாரமாகிறது. அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். அதற்குப் பின்பு, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, போவது தோல்வியாகிவிடுகிறது.

ஆகவே நான் எனக்கு விதித்துக்கொண்ட முதல் கட்டுப்பாடு, உரசலுக்காக வண்டியைவிட்டு இறங்குவதில்லை என்பது. யாருக்காவது அடிபட்டிருந்தால் உடனே இறங்க வேண்டும், அது கடமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வண்டிக்கு மட்டும் சேதம் என்றால், பதிவு எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓரமாக வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தி, மூச்சு சீரான பிறகுதான் பேச்சு. மூச்சை வெளியே விடும் நேரத்தை இழுக்கும் நேரத்தைவிட நீட்டினால் படபடப்பு குறைவதை என் உடம்பில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கத்தித் தீர்த்துவிட்டால் கோபம் வடியும் என்று நானும் நம்பியிருந்தேன். 2002இல் பிராட் புஷ்மன் செய்த சோதனையில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே அமைதியாக இருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே போவதும் குத்துப் பையைக் குத்துவதும் ஒன்றுதான் என்று புரிந்த பிறகு அதையும் விட்டேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் உதவியது. குறுக்கே பாய்ந்தவருக்கு நானே ஒரு காரணம் கற்பித்துவிடுவேன்: மனைவிக்குப் பிரசவ வலி, தாயாருக்கு மூச்சுத் திணறல், முதல் நாள் வேலைக்குத் தாமதம். பத்தில் ஒன்பது முறை அது உண்மையாக இருக்காது. ஆனால் 'திமிர்' என்று நான் கற்பித்துக்கொண்டதும் உண்மை என்று எனக்குத் தெரியாதே. இரண்டும் கற்பனை என்றால், என்னைச் சிறைக்கு அனுப்பாத கற்பனையைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பசியோடு வண்டி எடுப்பதில்லை. பையில் வறுகடலையோ வாழைப்பழமோ இருக்கும். வீட்டிலோ வேலையிலோ சண்டை நடந்திருந்தால், ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். அந்தப் பதினைந்து நிமிடத்தை மனைவியிடம் சொல்லியே வைத்திருக்கிறேன், தாமதமானால் அவர் பதறுவதில்லை. போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு ஆகும் பயணத்தைவிட இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புவது, அதிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் ஆற்காடு சாலை முதல் பழைய மகாபலிபுரம் சாலை வரை குறுகிக் கிடந்த ஆண்டுகளில், வேறு எந்தத் தியானத்தைவிடவும் என் கோபத்தைக் குறைத்தது.

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வாய்க்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. 'அவன் என்ன இப்படிப் போறான், கேளுங்க' என்று மனைவியோ நண்பரோ சொன்னால், கேட்காமல் போவது கோழைத்தனமாகிவிடும். 'கோபப்படாதீங்க' என்று சொன்னாலும் பயனில்லை, அது எரியும் தீயில் ஊற்றும் எண்ணெய். என் மனைவி கண்டுபிடித்த வழி வேறு. தோளில் தட்டி, "பால் வாங்கணும், கடை மூடிடப் போறான்" என்பார். அந்த ஒரு வாக்கியம் என்னைச் சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். குழந்தை பின்னால் இருந்தால், அது நம் முகத்தைப் பார்க்காது, ஆனால் முதுகு இறுகுவதை உணரும். ஓட்டுவது எப்படி என்பதை அது அங்கிருந்துதான் கற்கிறது.

எதிரில் இருப்பவர் கோபத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதை 2019இல் பாடியிலிருந்து திருமங்கலம் வரை ஒரு கார் என்னைத் துரத்தியபோது கற்றேன். அந்தக் காருக்குச் சிக்னலில் நான் வழி விடவில்லை என்பது அவர்கள் குறை. அதில் நியாயமும் இருந்தது. அவர்கள் பக்கம் திரும்பி முறைக்கவில்லை. வேகத்தைக் கூட்டவில்லை. வீட்டுக்குப் போகும் தெருவுக்குள்ளும் திரும்பவில்லை. வீட்டைக் காட்டிக்கொடுப்பது மிகப் பெரிய தவறு. முதலில் வந்த பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து, கேமராவும் ஆட்களும் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தகராறு வரும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது ஹெல்மெட்டைக் கழற்றுவதுதான். கழற்றியதும் அது கையில் ஆயுதமாகிவிடுகிறது, தலையோ காப்பின்றி நிற்கிறது. அன்று நான் அதை மாட்டியபடியே, முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி முகத்தைக் காட்டி, இரு கைகளையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, "தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். இரண்டு நிமிடம் திட்டினார்கள். போய்விட்டார்கள். காருக்குள் இருந்தால் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, 112ஐ அழைப்பதே சரி. அவர்கள் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படமெடுப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கோபத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு அவமானம். வண்டியில் பொருத்திய கேமரா ஓசையில்லாமல் அந்த வேலையைச் செய்யும்.

தப்பே செய்யாதபோது மன்னிப்புக் கேட்பதா என்று என் தம்பி கேட்டான். நடுச்சாலையில் நியாயத்தை நிலைநாட்ட முடியாது, அதற்குக் காவல் நிலையமும் காப்பீட்டு நிறுவனமும் இருக்கின்றன என்பதே என் பதில். வழியை மறிப்பதும், கெட்ட வார்த்தை பேசுவதும், மிரட்டுவதும் தனித்தனிக் குற்றங்கள், புகார் கொடுக்கலாம். ஆபத்தாக ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கடைசியாக, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. நான் அவர்களில் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்னால் இருவர் சண்டையிடும்போது பின்னாலிருந்து வரும் ஹாரன் அவர்களைப் பிரிப்பதில்லை; ஏற்கெனவே கொதிக்கும் இரண்டு பேருக்கு அது இன்னும் சூடேற்றுகிறது. இறங்கிப் போக முடிந்தால், இருவரில் யார் நியாயம் என்று பேசாமல், ஒருவரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போங்கள். 'வாங்கண்ணே, தண்ணி குடிங்க' என்பது போதும். தனியாகப் போக அச்சமாக இருந்தால் இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தால், பேசினால், தண்ணீர் குடித்தால், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காதுக்கு மேலே இருக்கும் எலும்பு மெல்லியது. அதில் விரிசல் விழுந்து உள்ளே ஓடும் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் மெல்லத் தேங்கும். தேங்கும்வரை ஆள் தெளிவாகவே இருப்பார், சில நேரம் மணிக்கணக்கில். பிறகு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். உரிய நேரத்தில் ஸ்கேன் எடுத்து அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடக்கூடிய காயம் அது என்று வழக்கில் சாட்சி சொன்ன மருத்துவர் கூறியதைக் கேட்டுக்கொண்டு நான் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். 108க்கு அழையுங்கள், அல்லது ஆட்டோவில் ஏற்றி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காவல், வழக்கு என்று அலைய நேருமோ என்ற அச்சம் வேண்டாம். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரை வற்புறுத்தித் தடுத்து வைக்கவோ சாட்சியாக்கவோ கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது.

நான் கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தபோது நீண்ட தாழ்வாரத்தில் இருந்த பலகையில் அந்த ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அதே பலகையின் மறுமுனையில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் தாயார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மனைவி எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்கதான் அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"வீட்டுக்கு வந்ததும், யாரோ ஒருத்தர் படுக்கச் சொன்னாருன்னு சொன்னாரு."

"நான்தாம்மா சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எட்டு மணிக்குப் படுத்தாரு. குறட்டை விட்டாருண்ணா. அசதியா இருக்கும்னு சாப்பாட்டை மூடி வச்சுட்டு, பதினொரு மணி வரைக்கும் நாங்க எழுப்பவே இல்ல."